டிராகன் நசுக்காத எலுமிச்சம்பழம்

நான்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். இரண்டு நன்றாக நசுங்கியது. ஒன்று பாதி தட்டையானது. ஒன்று நசுங்கவே இல்லை.

இடம் சிதம்பரம், பொருட்காட்சித் திடல். மார்கழித் தேருக்குச் சில நாள் இருந்தது. காலை நேரம். தண்டவாளத்தில் பனி ஈரம் காயவில்லை. பிள்ளைகள் ஏறுகிற டிராகன் டிரெயினின் முதல் பெட்டிக்கு நாலு சக்கரம். நாலுக்கும் முன்னால் பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பெட்டியை ஒரு முழம் முன்னால் தள்ளினோம். புது ஊரில் ராட்டினச் செட்டு இறக்கினால் இது வழக்கம்.

கலியபெருமாள்தான் குனிந்து பார்த்தார். கம்மாபுரத்துக்காரர். ராட்டினம் மாட்டுவது, கழற்றுவது, பூசை போடுவது மூன்றும் அவர் வேலை. மோட்டார், வெல்டிங், சக்கரம் என் வேலை.

"பாய், பின்னாடி ஒண்ணு முழுசா கெடக்கு."

"உருண்டிருக்கும்."

"உருளல. வெச்ச எடத்துலயே கெடக்கு. சக்கரம் அதத் தாண்டி நிக்கிது."

நான் எடுத்துப் பார்த்தேன். பழம் கல் மாதிரி இருந்தது. தோலின் மேல் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு. கிரீஸ். சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் நசுக்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி ராஜமாணிக்கம் பழத்தை வாங்கிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்துச் சுற்றியிருந்தவர்களுக்குக் காட்டினார். பலூன்காரர், அப்பளக் கடைக்கார அம்மா, வளையல் கடைக்காரர், எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா? மேல ஏறியும் ஒண்ணும் பண்ணல. உயிர்க்காவு வேணாங்குது."

அப்பளக் கடை அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதலாளி தோளில் இருந்த துண்டால் பழத்தைத் துடைத்தார். கோடு மங்கியது. அதன் மேல் குங்குமம் வைத்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வாரம் எழுதப்போவது அந்தக் கோட்டைப் பற்றித்தான். ஆனால் முதலில் தலையைப் பற்றிச் சொல்லவேண்டும். தலை இல்லாமல் கோடு இல்லை.

பழைய தலை

எங்கள் டிராகனுக்கு முதலில் ஒரு சின்னத் தலை இருந்தது. தகரத் தலை. தண்ணீர்க் குடம் அளவு. பச்சை பெயின்ட், சிவப்பு நாக்கு. நாக்கு ஏதோ ஒரு ஊரில் விழுந்துவிட்டது. எந்த ஊர் என்று யாரும் கவலைப்படவில்லை. ஒரு கையில் தூக்கி லாரியில் போடலாம்.

பிள்ளைகள் அதைப் பார்த்து ஏறவில்லை. மேடு ஏறி இறங்கும்போது வயிற்றில் ஒன்று குளுகுளு என்று ஓடுமே, அதற்காக ஏறினார்கள். இது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது.

கடலூர் சில்வர் பீச்சில் ஒரு கோடை. டிரெயின் வாசலில் மூன்று பிள்ளைகள் நின்றார்கள். முதலாளி பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இது டைனோசரா?" என்றது ஒன்று.

"லூசு, முதலைடி," என்றது இன்னொன்று.

மூன்றாவது பிள்ளை உற்றுப் பார்த்தது. "கம்பளிப்பூச்சி," என்றது. சொல்லிவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு பஞ்சு மிட்டாய்ப் பக்கம் போய்விட்டது.

முதலாளி மோரைப் பாதியில் வைத்துவிட்டார். சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"பாய், இப்ப இருக்கிற புள்ளைங்க போன்லயே எல்லா டிராகனையும் பாத்துடுதுங்க. ரெக்கை, நெருப்பு, கண்ணு மினுங்குறது, எல்லாம். நாம தகரத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

"ஏறுதுங்க இல்ல மொதலாளி."

"கம்பளிப்பூச்சின்னு சொல்லிடுச்சி பாய்."

ஒரு மனிதன் ஒரு சொல்லுக்காக இவ்வளவு வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அதுவும் அந்தச் சொல் அவரைப் பற்றியதுகூட இல்லை.

ஆளுக்கொரு டிராகன்

பண்ருட்டி ரோட்டில் ஒரு ஃபைபர் சிலைக்காரர் இருந்தார். கடைக்கு வெளியே ஜீப்பில் ஏற்றுகிற அளவு பசு, சிரிக்கிற கொரில்லா, பள்ளிக்கூடத்துக்கு வைக்கிற ஒட்டகச்சிவிங்கி எல்லாம் நிற்கும். முதலாளி என்னையும் கலியபெருமாளையும் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன டிராகன் வேணும்? சீனாவா, ஃபாரினா?" என்று கேட்டார் சிலைக்காரர்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பினாங்கில் சீனரிடம் வேலை பார்த்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

"சீனாக்கார டிராகனுக்கு ரெக்கை கிடையாது. மீசை உண்டு," என்றேன்.

"ரெக்கை வேணும்," என்றார் முதலாளி.

"அப்ப அது வெள்ளைக்காரனது," என்றார் சிலைக்காரர். "அதுக்கு மீசை வராது. நெருப்பு வரும்."

"மீசையும் வேணும். நெருப்பும் வேணும்."

கலியபெருமாள் சும்மா இருக்கவில்லை. "கோயில் தூண்ல யாளி இருக்கு இல்ல, அதுக்கு என்னா கொறைச்சல்? சிங்க மூஞ்சி, ஆனைத் தும்பிக்கை, கோரைப் பல்லு. நம்மாளு கல்லுலயே செஞ்சி வெச்சிருக்கான். சிதம்பரத்துல கேம்ப் போடப் போறோம். அதுல கொஞ்சம் வுடுங்க."

"தும்பிக்கை வேணாம்," என்றார் முதலாளி யோசித்து. "கண்ணு மட்டும் யாளி கண்ணு வெச்சிக்கலாம். உருட்டி."

"கொம்பு?"

"ரெண்டு. இல்ல, நாலு."

சிலைக்காரர் எல்லாவற்றையும் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார். ஒரு தடவைகூட முகம் மாறவில்லை. அவர் நல்ல தொழில்காரர்.

எனக்கு ஒன்று புரியவில்லை. உலகத்தில் யாரும் டிராகனைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் எப்படி இருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பசு மாட்டுக்குக் கொம்பு எத்தனை என்று கேட்டால் இவ்வளவு பேர் பேசமாட்டார்கள்.

வால் பிடித்தவன்

பினாங்கைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு சீனர் பட்டறையில் வெல்டராக இருந்தேன். அங்கே புது வருசத்துக்கு டிராகன் ஆட்டம் உண்டு. துணியும் மூங்கிலும் வைத்துச் செய்த நீளமான உடம்பு. அதைக் குச்சியில் தூக்கிக்கொண்டு வரிசையாக ஓடுவார்கள்.

ஒரு வருசம் ஓர் ஆளுக்குக் காய்ச்சல். பட்டறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு வாலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். வால் பிடிப்பவனுக்குத்தான் ஓட்டம் ஜாஸ்தி. தலை ஒரு அடி திரும்பினால் வால் பத்து அடி ஓடவேண்டும். தலை பிடிப்பவனுக்கு மாலை போட்டார்கள். எனக்கு முழங்கால் வீங்கியது.

டிராகனின் உள்ளே நான் பார்த்திருக்கிறேன். உள்ளே எட்டுப் பேருடைய கால் இருக்கும். வியர்வை நாற்றம் இருக்கும். வேறு ஒன்றும் இல்லை.

ஆட்டத்துக்கு முன்னால் பெரியவர் ஒருவர் வந்து தூரிகையால் டிராகனின் கண்ணில் மை வைத்தார். அப்போதுதான் உயிர் வருமாம். தலைவர் எனக்கு விளக்கம் சொன்னார். டிராகன் தண்ணீரில் இருக்கும், மழையைக் கொண்டுவரும், நல்லது செய்யும் என்றார்.

நான் கடலூர்க்காரன். புயலும் வெள்ளமும் எங்கள் ஊருக்கு வழி கேட்காமலே வரும். மழை கொண்டுவருகிற பிராணி எங்கள் ஊர்ப் பக்கம் தலை காட்டினால் துடைப்பத்தால் அடித்து விரட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

அதே பட்டறைக்கு மிஷின் பழுது பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வருவார். அவர் சுவரில் இருந்த டிராகன் படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் இதைக் குதிரையில் போய் ஈட்டியால் குத்திக் கொல்வார்கள் என்றார். குத்தியவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவார்களாம். இங்கே அதையே கும்பிடுகிறார்கள் என்று தலைவர் சொன்னார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் மற்றவர் முட்டாள் என்று எண்ணம்.

எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. இரண்டு பேரைப் பற்றியும்.

காடாம்புலியூர்ப் பழம்

இதையும் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் ஜக்கரியா காடாம்புலியூரில் முந்திரி வைத்திருக்கிறார். பலா நாலு மரம். புயலில் முந்திரி சாய்ந்ததும் யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டு டிராகன் பழம் போட்டார். கல்தூண் நட்டு, மேலே டயர் மாட்டி, கள்ளிச் செடியை ஏற்றிவிட்டார். தூரத்தில் இருந்து பார்த்தால் கபரஸ்தானின் கல்லறை வரிசை மாதிரி இருக்கும்.

முதல் பழம் பறித்ததும் என்னைக் கூப்பிட்டார். அறுத்துத் தட்டில் வைத்தார். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை, நடுவில் எள்ளு தூவின மாதிரி.

"எப்பிடி மச்சான்?"

நான் மென்றேன். "தண்ணியா இருக்கு."

"தண்ணி இல்ல மச்சான், அதான் அதோட ருசி."

"பேரு டிராகன்னு வெச்சிருக்கீங்களே."

"மேல செதில் மாதிரி இருக்கில்ல, அதுக்கு."

"பலாவுக்கு மேல முள்ளே இருக்கு. அதுக்கு யாரும் சிங்கம்னு பேர் வெக்கலயே."

மச்சானுக்குக் கோபம். ஒரு மாதம் பேசவில்லை. டிராகன் விசயத்தில் உண்மை பேசினால் மனிதர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று அன்றைக்கே கவனித்திருக்கவேண்டும்.

ஒரு தடவை சொன்னேன்

தலை தயாராகி வந்தது. நாலு பேர் தூக்கினார்கள்.

சீனா மீசை. வெள்ளைக்காரன் இறக்கை. யாளிக் கண். ஆட்டுக்கு வருகிற மாதிரி வளைந்த நாலு கொம்பு. வாயைத் திறந்தால் ஒரு பிள்ளை உட்காரலாம். நெருப்பு வைக்க முடியாது என்று சிலைக்காரர் சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகக் கல்யாண மண்டபத்தில் வைக்கிற புகை மிஷின் ஒன்றை முதலாளி வாங்கினார். அது இடது கன்னத்துக்குள் போனது. திடல் வாசல் இடது பக்கம் வரும் என்பதால்.

கலியபெருமாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்க ஊர்ப் பக்கம் நெலக்கரிச் சொரங்கத்துல மண்ணு வெட்டுற மிஷினப் பாத்தவனுக்கு இதெல்லாம் ஓணான் பாய்," என்றார்.

என் வேலை தலையைப் பெட்டியில் பொருத்துவது. பழைய தலை பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இது உட்காராது. பெட்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அதற்கு இரும்புச் சட்டம் அடித்து, சேஸோடு, அதாவது பெட்டியின் அடிச்சட்டத்தோடு, சேர்த்து வெல்டிங் வைக்கவேண்டும்.

முன்னால் இவ்வளவு கனம் நீட்டினால் பின்னால் தூக்கும். படகு ஏறினவனுக்குத் தெரியும். ஏற்றம் இறைத்தவனுக்குத் தெரியும். எட்டாவது தாண்டாத எனக்கும் தெரியும்.

"மொதலாளி, கனம் ஜாஸ்தி. பெட்டிக்குப் பின்னாடி எதிர்க் கனம் வெக்கணும்."

"வெச்சிக்கலாம் பாய். மொதல்ல தலைய மாட்டுங்க. போட்டோ எடுக்கணும்."

மாட்டினேன். வெல்டிங் நன்றாகவே பிடித்தது. போட்டோ எடுத்தார்கள். எதிர்க் கனம் வரவில்லை.

எனக்கு ஒரு பழக்கம். எதையும் ஒரு தடவை சொல்வேன். கேட்டால் சரி. கேட்காவிட்டால் என் வேலையைப் பார்ப்பேன். வீட்டில் ஜுலைகா, "இது வாயா, தபால் பொட்டியா? ஒரு தடவ போட்டா அவ்வளவுதானா?" என்பாள். நான் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதிகம் பேசாதவன், அளந்து பேசுகிறவன் என்று நாலு பேர் சொல்லுவார்கள். அளந்து பேசுவது வேறு, வேலையை அரைகுறையாக விடுவது வேறு. இரண்டாவதைத்தான் நான் செய்தேன்.

அந்தத் தலையோடு டிரெயின் சிதம்பரம் வந்தது. புது ஊரில் முதல் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை ஏற்றமாட்டோம். பிள்ளை கனத்துக்கு மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்ப்போம். இந்தத் தடவை மழை பெய்து மணல் வண்டி திடலுக்குள் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அப்புறம்தான் பழம்.

கடையாணி

பழத்தைச் சுற்றிக் கூட்டம் கலைந்ததும் முதலாளியிடம் போனேன். அவர் பழத்தை மஞ்சள் துணியில் முடிந்து, டிராகனின் கொம்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, பின்சக்கரம் தூக்குது. அதான் நசுங்கல. இந்த டிரெயினுக்குத் தண்டவாளத்தப் புடிக்கிற அடிச்சக்கரம் கெடையாது. கனந்தான் புடி. மேட்டுலேர்ந்து எறங்கி வளைவுல திரும்பறப்ப பொட்டி தண்டவாளத்த வுட்டுத் தாண்டிடும்."

அது எனக்கு நீளமான பேச்சு.

"பாய், நீங்க நல்ல மெக்கானிக். சாமி விசயத்துல வராதீங்க."

"இது ஃபைபரு."

"ஒங்களுக்கு நம்பிக்கை இல்ல. வுடுங்க. மூணு மணிக்கு ஸ்கூல் புள்ளைங்க வருது. மொத ஓட்டம் அதுங்கதான். மைக்குல சொல்லியாச்சி."

என் ஒரு தடவையும் சொல்லியாகிவிட்டது. நான் டீக்கடைக்குப் போனேன்.

கலியபெருமாள் பின்னாலேயே வந்தார். இரண்டு டீ சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"சாமின்னாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவர் டீயை ஆற்றினார். குடிக்கவில்லை.

"பாய், பழம் வெச்சது நானு. கற்பூரம் காட்டுனது நானு. சாமி சமாச்சாரம் அவர விட எனக்கு ஜாஸ்தி தெரியும். பழம் நசுங்கணும். நசுங்குனாத்தான் நல்லது. எங்கப்பா மாட்டு வண்டி வெச்சிருந்தாரு. ஒரு தபா நசுங்கல. அவரு கன்னத்துல போட்டுக்கல. எறங்கிக் கடையாணியப் பாத்தாரு. பாதி தேஞ்சி கெடந்துச்சி."

நான் டம்ளரைக் கையில் எடுத்தேன்.

"அவருக்குத் தெரியாது, பேசுறாரு. ஒங்களுக்குத் தெரியும். ஒரு தபா சொல்லிட்டு டீ குடிக்க வந்துட்டீங்க. வெல்டிங் வெச்சது யாரு கையி?"

டீயில் சர்க்கரை போட்டிருந்தார்கள். எனக்குத் தித்திப்பு தெரியவில்லை.

மூன்று மணி

இரண்டு வேனில் வந்தார்கள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. நாற்பது பேர் இருக்கும். நீலச் சீருடை. ஒவ்வொன்றும் முன்னால் இருப்பதன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தது. கூட ஒரு டீச்சர்.

மைக்கில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்தைக் காத்த அதிசய டிராகன், உலகத்திலேயே முதல் முறையாக, சிதம்பரத்தில். புகை மிஷினைப் போட்டார்கள். இடது கன்னத்தில் இருந்து வெள்ளைப் புகை வந்தது. கல்யாண வீட்டு வாசனை.

பிள்ளைகள் வாயைப் பிளந்தன. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆறு வயதில் நானும் பிளந்திருப்பேன். ஐம்பது வயதில் பிளக்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

முதல் பெட்டிக்குத்தான் சண்டை. தலைக்குப் பக்கத்தில் உட்கார எல்லாருக்கும் ஆசை. டீச்சர் ஆறு பேரைப் பிரித்து நிறுத்தினார்.

நான் இரண்டாம் தடவை முதலாளியிடம் போனேன்.

"மொதலாளி, புள்ளைங்க வேணாம். மூட்டை வெச்சு ஓட்டிக் காட்டுறேன்."

"காலைலயே சொன்னீங்க. கேட்டுக்கிட்டேன்."

"மறுபடி சொல்றேன்."

"பாய், கூட்டம் பாக்குது."

"பாக்கட்டும். மறுபடி சொல்றேன். ஏத்தாதீங்க."

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். பத்து வருசமாக ஒரு தடவைக்கு மேல் பேசாத ஆள். அந்தப் பார்வை கொஞ்ச நேரம்தான். பிறகு கேட்டைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார்.

நான் போய் கேட்டின் குறுக்கே நின்றேன்.

"டீச்சர், ஒரு நிமிசம் இங்க வாங்க. கீழ பாருங்க. இந்தச் சக்கரத்த மட்டும் பாருங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் குனிந்தார். நான் கலியபெருமாளைப் பார்த்தேன். அவர் டிராகனின் முன்னால் போய், மீசைக்கு மேலே மூக்கின் மீது ஒரு கையை ஊன்றி, பஸ் ஸ்டாண்டு தூணில் சாய்கிற மாதிரிச் சாய்ந்தார். அவ்வளவுதான் செய்தார்.

பின்சக்கரம் தண்டவாளத்தை விட்டு நாலு விரல் எழுந்தது. நான் என் கையை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினேன்.

"ஒருத்தர் ஒரு கைய வெச்சா இது. மேட்டுலேர்ந்து எறங்குறப்ப தலையோட மொத்தக் கனமும் முன்னால தள்ளும்."

டீச்சர் நிமிர்ந்தார். முதலாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "புள்ளைங்களா, எல்லாரும் அப்படியே பின்னால திரும்புங்க," என்றார்.

நாற்பது பேரும் திரும்பினார்கள். கடைசியில் நின்றது முதலாவது ஆனது. அதற்கு மட்டும் சந்தோசம். முதல் பெட்டிக்கு நின்ற ஆறில் இரண்டு அழ ஆரம்பித்தது.

மைக்கில் அறிவித்தவர் அதிசயம் என்ற வார்த்தையோடு நிறுத்தினார். புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

தலை எடுத்தது

"என்னைய நாசம் பண்ணிட்டீங்க பாய்," என்றார் முதலாளி. மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் வெச்ச வெல்டிங்கு. நானே எடுக்குறேன்."

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் கட்டிங் மிஷினை எடுத்துக்கொண்டு வந்தேன்.

தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் குனிந்து சட்டத்தில் வைத்தேன். தீப்பொறி பறந்தது. பிளந்த வாய்க்குள் புகுந்து வெளியே கொட்டியது.

"நெருப்பு வுடுது! நெருப்பு வுடுது!" என்று நாற்பது பிள்ளைகளும் குதித்தன. அழுத இரண்டும் குதித்தன.

சிலைக்காரரால் முடியாது என்று சொன்ன நெருப்பு. கழுத்தை அறுக்கும்போதுதான் வந்தது.

தலை மண்ணில் விழுந்தது. பெரிய சத்தம் இல்லை. காலி டிரம் விழுகிற சத்தம். உள்ளே பார்த்தேன். பழைய பேப்பர், சாக்கு, ஒயர், புகை மிஷின். எட்டுப் பேர் கால்கூட இல்லை.

திடல் ஓரத்தில் கிடந்த ஜல்லியைச் சாக்கில் கட்டிப் பெட்டியில் ஏற்றி நாலு சுற்று ஓட்டினேன். கலியபெருமாள் மறுபடியும் நாலு பழம் வைத்தார். தள்ளினோம். நாலும் நசுங்கியது. அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போது போட்டுக்கொண்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

டீச்சர் தானே குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகுதான் ஏற்றினார்.

தலை இல்லாத டிரெயின் மேட்டில் ஏறி இறங்கியது. பிள்ளைகள் கத்தின. தகரத் தலை இருந்தபோது கத்திய அதே கத்தல். ஒரு சுருதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடைசியாக

மறுநாள் கேட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தலையைத் தூக்கி வைத்தார்கள். ஜனம் அதன் வாயில் பிள்ளையை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தது. டிரெயினை விட அங்கேதான் கூட்டம். முதலாளி சிரித்தார். எல்லாம் தன் யோசனை என்று வளையல் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார்.

"பாய், அடுத்த கேம்புக்கு வேற ஆளு பாத்துக்கறேன்."

"சரி மொதலாளி."

"கோவம் இல்லயே?"

"இல்ல."

கோபம் இல்லைதான். அவருக்கு நான் ஒரு ஊர் நடுவில் டிராகனை அறுத்தவன். வெள்ளைக்காரன் ஊராக இருந்திருந்தால் எனக்குக் கோயில் கட்டியிருப்பார்கள். இங்கே கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். எனக்கு இதுதான் வசதி.

கிளம்புவதற்கு முன்னால் கலியபெருமாள் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். கையில் மஞ்சள் துணி. கொம்பில் இருந்து அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். முடிச்சைப் பிரித்தார். அந்தப் பழம். குங்குமம் உதிர்ந்திருந்தது. முதலாளி அவ்வளவு துடைத்தும் தோலில் கறுப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தது.

"என்னா பண்ணலாம் பாய் இத?"

"பழத்த என்ன பண்ணுவாங்க?"

அவர் கழுவினார். கோட்டின் மேலேயே கத்தி வைத்து இரண்டாக அறுத்தார். இரண்டு டம்ளரில் பிழிந்து, பானைத் தண்ணீர் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கினார். அதிசய டிராகன் உயிரோடு விட்ட பழம். குடித்துப் பார்த்தேன்.

"சர்க்கரை கொறைச்சலா இருக்கு," என்றேன்.

வெளியே மைக் சத்தம். அவர் காதில் விழவில்லை.

இன்னொரு தடவை சொன்னேன்.